களஞ்சியமும் கணக்கும்

ஒரு சமுதாயம் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்த சான்றுகள் கிடைக்கும் காலத்தை வரலாற்றுக் காலம் என்பர். அத்தகைய சான்று எதுவும் இல்லாத காலத்தை வரலாற்றுக்கு முற்பட்ட காலம் என்பர். எழுத்து இருந்தும் அதனை இன்னும் எவராலும் ஐயமறப் படித்தறிய இயலாத சமுதாயங்களும் உள. சிந்துவெளி நகரங்கள் அத்தகையவை. அவை இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில் வைத்து எண்ணப்படுகின்றன.

இப்பாகுபாடு ஆராய்ச்சிக்கு வசதியானது. ஆயினும் அது ஒரு பிழையான எண்ணத்துக்கும் இடந்தந்து விட்டது. எழுத்தறியாத மக்கள் இருளிற் கிடந்தனர் என்றும், எழுத்து வந்தவுடன் ஒளி பிறந்தது என்றும் பலர் கருதலாயினர். உலகின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் பெருந்தொகையானவை ஈராக் நாட்டின் தென்பகுதியிற் கிடைத்த களிமண் ஏடுகளாகும். அவ்வேடுகளில் தெய்வ வழிபாட்டுப் பாடல் இல்லை; மன்னரின் வெற்றிச் செய்தி இல்லை. இத்தனை அளவை தானியம் வந்தது, இத்தனை அளவை கொடுக்கப்பட்டது, இத்தனை ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன என்பனவே அவற்றுட் பெரும்பாலானவை. களஞ்சியத்தின் கணக்காகவே எழுத்துப் பிறந்தது. அக்கணக்கு எதனால் வேண்டியதாயிற்று, அதனால் எவர் எதனைப் பெற்றனர், எவர் எதனை இழந்தனர் என்று ஆராய்தல் நாகரிகத்தின் தோற்றத்தையே ஆராய்வதாகும்.

எழுத்தில்லாத அந்த நெடுங்காலத்தை ஒழுங்குபடுத்திக் காண முதன்முதல் வழிகாட்டியவருள் ஒருவர் டென்மார்க் நாட்டவரான கிறிஸ்தியன் தொம்சன் ஆவர். கோப்பன்ஹேகன் நூதனசாலையிற் குவிந்து கிடந்த பழம்பொருள்களை அவர் கல், வெண்கலம், இரும்பு என மூன்று காலங்களுக்கு உரியனவாகப் பிரித்தார். அப்பாகுபாட்டை விளக்கும் அவரது கைந்நூல் 1836 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர், 1865 இல், ஆங்கில அறிஞர் ஜோன் லபொக் கற்காலத்தைப் பழைய கற்காலம், புதிய கற்காலம் என இரண்டாக வகுத்தார். கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டிக் கருவி செய்த காலம் முந்தியது. தேய்த்து மெருகிட்டுக் கருவி செய்த காலம் பிந்தியது. இப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. எனினும் எல்லா நாடுகளும் இப்படிகளில் ஒரே வரிசையில் ஏறிச் செல்லவில்லை. ஆபிரிக்காவின் பல பகுதிகளில் மக்கள் வெண்கலத்தைக் கையாளாமலே கல்லிலிருந்து இரும்புக்குச் சென்றனர்.

காலத்தை ஆண்டுக் கணக்கில் அளக்கும் வழி இருபதாம் நூற்றாண்டிலேயே கிட்டியது. அமெரிக்க அறிஞர் வில்லார்ட் லிபி 1949 இல் கதிரியக்கக் காபன் முறையை வெளியிட்டார். உயிர்கள் யாவும் தம் வாழ்நாளில் ஒருவகைக் கதிரியக்கக் காபனை உட்கொள்கின்றன. இறந்த பின்னர் அது சிறிது சிறிதாகச் சிதைந்து, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளிற் பாதியாகக் குறைகின்றது. எஞ்சியிருப்பதை அளந்தால் இறந்து எத்தனை காலமாயிற்று என்பது புலனாகும். ஒரு கரித்துண்டும், ஒரு கருகிய தானியமணியும் இதனாற் சாட்சி சொல்லும் தகுதி பெற்றன. இம்முறை ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டவற்றுக்கே பயன்படும்; அதற்கு முந்தியவற்றை அளக்கப் பாறைகளையும் எரிமலைச் சாம்பலையும் துணைக்கொள்ளும் வேறு முறைகள் உள.

இம்முறைகளால் தெரியவந்த கால நீளம் பெரிது. கென்யா நாட்டில் லொமெக்வி என்னுமிடத்திற் கண்டெடுக்கப்பட்ட கற்கருவிகள் 33 இலட்சம் ஆண்டுகள் பழமை வாய்ந்தவை என 2015 இல் அறிவிக்கப்பட்டது. அந்நாள் முதல் இந்நாள் வரையுள்ள காலத்தை ஒரு பகலும் ஓர் இரவுமாகச் சுருக்கினால், எழுத்து வழங்கிய காலம் முழுவதும் அந்நாளின் கடைசி இரண்டே கால் நிமிடத்துள் அடங்கிவிடும். எஞ்சிய இருபத்து மூன்று மணி ஐம்பத்தேழு நிமிடங்களையும் வெறுமை என்று தள்ளுவது எவ்வாறு பொருந்தும்?

அந்த நீண்ட பொழுதில் வாழ்ந்தோர் அறிவிற் குறைந்தவர் அல்லர். இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் உள்ள பாகியங்கல குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் எலும்பைத் தீட்டி அம்புமுனை செய்தனர். அடர்ந்த மழைக்காட்டில் மரத்துக்கு மரம் தாவும் குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர். காவிக்கல்லைத் தேய்த்து நிறமும் மணியும் ஆக்கினர். இவற்றை விளக்கும் ஆய்வு 2020 இல் வெளிவந்தது. மேற்காசியாவிற் கலிலேயாக் கடலோரத்தில் ஒகாலோ என்னுமிடத்தில் ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முன் குடிசை அமைத்து வாழ்ந்தோர், தாமாக விளைந்த காட்டுக் கோதுமையையும் வாற்கோதுமையையும் திரட்டி, கல்லில் அரைத்து உண்டனர். ஆகவே, தானியத்தை மனிதன் திடீரென்று ஒருநாள் கண்டுபிடிக்கவில்லை. பயிரிடுவதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே அவன் அதனை அறிந்திருந்தான்.

அறிந்திருந்தும் அவன் ஏன் பயிரிடவில்லை? வேட்டையும் காய்கனியும் மீனும் கிடைத்த இடத்தில் உழவு இன்றியமையாததாக இருக்கவில்லை என்பதே பொருத்தமான விடையாகும். பனியூழி முடிவுற்று, வெப்பமும் மழையும் நிலைபெற்ற பின்னரே, கி. மு. 9500 ஐ அடுத்த காலத்தில், மேற்காசியாவின் பிறைவடிவ வளநிலத்தில் மக்கள் காட்டுத் தானியத்தை விதைத்து வளர்க்கத் தலைப்பட்டனர். அவுஸ்திரேலியாவிற் பிறந்த தொல்பொருளறிஞர் கோர்டன் சைல்ட் இம்மாற்றத்தைப் புதிய கற்காலப் புரட்சி என அழைத்தார். புரட்சி என்னும் சொல் அதன் விளைவுக்குப் பொருந்தும். அதன் வேகத்துக்குப் பொருந்தாது. காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் தானாகவே உடைந்து மணிகளை நிலத்திற் சிந்தும். உடையாத கதிர் இயற்கையில் அருமையாகத் தோன்றும் ஒரு குறைபாடு. அறுவடை செய்வோர் கையில் உடையாத கதிரே மிகுதியாகத் தங்கிற்று. அதுவே அடுத்த பருவத்துக்கு விதையாயிற்று. இவ்வாறு சிந்தாத கதிருடைய கோதுமை வயல் முழுதும் பரவுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலும் சென்றது. பரவிய பின் மனிதனின்றி அக்கோதுமையால் தன்னை விதைத்துக்கொள்ள இயலவில்லை. அக்கோதுமையின்றி, பெருகிவிட்ட அம்மக்களால் வாழவும் இயலவில்லை.

இம்மாற்றத்தின் சுமையை எலும்புகள் இன்றும் காட்டுகின்றன. சிரியாவில் யூபிரத்தீஸ் ஆற்றங்கரையில் இருந்த அபு குரேரா என்னும் தொல்லூர், அணைக்கட்டு நீரில் மூழ்குவதற்கு முன்னர் 1972, 1973 ஆம் ஆண்டுகளில் அகழப்பட்டது. அங்குக் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில், சிறப்பாகப் பெண்களுடையனவற்றில், கால்விரல் மூட்டுகள் தேய்ந்தும், முழங்கால்களும் கீழ்முதுகும் சிதைந்தும் இருக்கக் கண்டனர். நாள்தோறும் பல மணி நேரம் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, அம்மியை ஒத்த கல்லில் தானியம் அரைத்ததன் அடையாளம் அது. தானியம் தந்த உறுதியான உணவுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதை அவ்வெலும்புகளே கூறுகின்றன.

தானியம் ஏனைய உணவுகளைப் போன்றதன்று. வேட்டையாடிய இறைச்சி விரைவில் அழுகும். பறித்த கனி வாடும். உலர்ந்த தானியமோ ஆண்டுக்கணக்கிற் கெடாது. அதனைச் சேமிக்கலாம், அளக்கலாம், பங்கிடலாம், கடனாகக் கொடுக்கலாம், பறித்துச் செல்லவும் செய்யலாம். சேமிப்பு இருந்தால் பஞ்சத்துக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், சேமிப்பு இருந்தால் அதன் திறவுகோல் ஒருவர் கையில் இருக்கவும் வேண்டும்.

எனினும், சேமிப்பு வந்தவுடன் அரசனும் வந்துவிட்டான் என்று கூறுவதற்கில்லை. துருக்கியின் தென்கிழக்கில் கோபெக்லி தெப்பே என்னும் குன்றில் ஜேர்மன் அறிஞர் கிளவுஸ் சிமித் 1995 முதல் நடத்திய அகழ்வில், ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்த கற்றூண்கள் வட்டவட்டமாக நிறுத்தப்பட்டிருக்கக் கண்டார். அவற்றுட் பழையவை கி. மு. 9500 அளவில் எழுந்தவை. அங்குக் கிடைத்த எலும்புகள் காட்டு விலங்குகளுடையவை. தானியங்களும் காட்டுத் தானியங்களே. உழவு நிலைபெற்று, ஊர் பெருகி, அதன் பின்னரே பெருங்கட்டடம் எழும் என்று கொண்டிருந்த கருத்தை இக்கண்டுபிடிப்பு அசைத்துவிட்டது.

அதே துருக்கியின் நடுப்பகுதியில் உள்ள சத்தால்கூயுக் வேறொரு பாடத்தைத் தருகின்றது. கி. மு. 7100 அளவில் தோன்றி ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிலைத்த அவ்வூரில் சில ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். அதற்குத் தெருக்கள் இல்லை. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கூரைமேல் நடந்து, கூரைத் துளை வழியே ஏணியால் இறங்கினர். இறந்தோரை வீட்டுத் தளத்தின் கீழேயே அடக்கஞ் செய்தனர். வீடுதோறும் தானியத் தொட்டி இருந்தது. அரண்மனை என்றோ, பொதுக் களஞ்சியம் என்றோ கொள்ளத்தக்க கட்டடம் எதுவும் அங்கு அகப்படவில்லை. உழவும் சேமிப்பும் பெருந்தொகையான மக்களும் இருந்தும், திறவுகோல் ஒருவர் கையிற் சேராதிருந்தது. ஆகவே நகரும் அரசும் உழவின் தவிர்க்க இயலாத விளைவுகள் அல்ல. குறிப்பிட்ட சூழலிற் குறிப்பிட்ட மக்கள் உண்டாக்கிய அமைப்புகள்.

அச்சூழல் தைகிரீஸ், யூபிரத்தீஸ் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் அமைந்தது. சுமேர் எனப் பெயர்பெற்ற அந்நிலத்தில் மழையை நம்பிப் பயிரிட முடியாது. கட்டடத்துக்கு ஏற்ற கல்லோ, நல்ல மரமோ, உலோகமோ கிடையாது. வண்டல் மண்ணும், ஆற்று நீரும், நாணலும், மீனும், பேரீச்சையுமே அதன் செல்வம். வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சினால் வாற்கோதுமை பெருகி விளையும். அவ்விளைவைக் கொடுத்தே கல்லையும் மரத்தையும் செம்பையும் தூரதேசங்களிலிருந்து பெற வேண்டும். வாய்க்காலைக் காக்கவும், விளைவைத் திரட்டவும், அதனைக் கொடுத்து வேண்டியவற்றைப் பெறவும் கோவில் நடுநாயகமாயிற்று. வேலை செய்தோர் பலர். வேலை வாங்கியோர் சிலர்.

இவ்வாறு எழுந்த நகர்களுள் தலைமை வாய்ந்தது ஊருக். இன்று வார்க்கா என வழங்கும் அவ்விடத்தில் ஜேர்மன் அறிஞர் 1912 முதல் அகழ்வு நடத்தினர். கி. மு. 3200 அளவில் ஊருக் ஏறக்குறைய 250 ஹெக்டேயர் நிலத்திற் பரவியிருந்தது. அந்நாளில் உலகில் அதனினும் பெரிய நகர் வேறொன்று அறியப்படவில்லை. பதினாயிரக்கணக்கான மக்கள் அங்கு வாழ்ந்தனர் எனக் கணிப்பர். சைல்ட் 1950 இல் எழுதிய கட்டுரையொன்றில் நகரப் புரட்சியின் அடையாளங்களாகப் பத்தினைக் கூறினார். பெருந்தொகை மக்கள், உழவு செய்யாத தொழிலாளர், வரியாகத் திரண்ட விளைவு, பெருங்கட்டடங்கள், ஆளும் வகுப்பு, எழுத்து, கணிதமும் வானியலும், கலை, தூரதேச வாணிகம், உறவுமுறையை விட வாழிடத்தை அடிப்படையாகக் கொண்ட அரசு என்பன அவை. ஊருக் நகரில் இவற்றுட் பெரும்பாலானவற்றைக் காணலாம்.

ஊருக் நகரிலும் அதன் செல்வாக்குக்கு உட்பட்ட ஊர்களிலும் அகழ்ந்தோர் கையில் மிகுதியாக அகப்பட்ட பொருள் பொன்னுமன்று, சிலையுமன்று. அச்சிலிட்டுச் செய்த, விளிம்பு சாய்ந்த, மெருகற்ற மண்கிண்ணங்களே ஆயிரக்கணக்கிற் கிடைத்தன. பெரும்பாலும் ஒத்த அளவுடையனவாய், பயன்படுத்திய பின் எறியப்பட்டனவாய் அவை காணப்படுகின்றன. வேலை செய்தோருக்கு நாட்படி அளந்து கொடுக்கப் பயன்பட்டவை அவை என்பது அறிஞர் பலர் கருத்து. ஊருக் ஏடுகளில் ஒரு தலையின் அருகே இத்தகைய கிண்ணம் ஒன்றை வரைந்தால் அது உண்ணுதலை, அல்லது படியளத்தலைக் குறித்தது.

எழுத்துக்கு முன்னரே எண்ணுங் கருவி இருந்தது. கூம்பு, உருண்டை, வட்டத்தகடு முதலிய வடிவங்களிற் செய்த சிறு களிமண் காய்கள் மேற்காசியா எங்கும் கிடைத்துள்ளன. அவற்றை விரிவாக ஆராய்ந்தவர் தெனிஸ் சிமாந்த் பெசெராத் என்னும் அம்மையார். கி. மு. நான்காம் ஆயிரத்தாண்டில் அக்காய்களைக் களிமண் உருண்டையொன்றினுள் இட்டு மூடி, மேலே முத்திரை பதித்தனர். உள்ளே எத்தனை காய்கள் என்பதை உடைக்காமல் அறிவதற்கு, மூடுமுன் அவற்றின் வடிவத்தை உருண்டையின் மேற்புறத்தில் அழுத்தி வைத்தனர். மேற்புறத்து அடையாளமே போதும் என்றானபின், உள்ளிருந்த காய்கள் வேண்டாதவையாயின. உருண்டை தட்டையான ஏடாயிற்று. எண்குறிகளின் பக்கத்தில் பொருளின் உருவத்தை நாணற்கோலாற் கீறியபோது எழுத்துத் தோன்றியது.

ஊருக் நகரிலிருந்து இத்தகைய ஏடுகளும் அவற்றின் துண்டுகளுமாக ஏறத்தாழ ஐயாயிரம் கிடைத்துள்ளன. அவற்றுள் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவானவை கணக்குகள். எஞ்சியவை கணக்கெழுதக் கற்போர் பயின்ற சொற்பட்டியல்கள். அக்காலத்து ஏடொன்று 37 மாத காலத்தில் 29,086 அளவை வாற்கோதுமையைப் பதிவு செய்து, அதன் கீழ்க் குசிம் என்று குறிப்பிடுகின்றது. அது ஒரு மனிதரின் பெயராகலாம். ஒரு பதவியின் பெயராகலாம். மனிதரின் பெயராயின், எழுத்திற் பதிவான மிகப் பழைய பெயர்களுள் ஒன்று மதுக் காய்ச்சும் வாற்கோதுமைக்குப் பொறுப்பாயிருந்த ஒரு கணக்கருடையதாகும்.

அவ்வேடுகளில் இன்னுமொரு குறியீடு உண்டு. பெண்ணைக் குறிக்கும் அடையாளத்தோடு மலையைக் குறிக்கும் அடையாளத்தைச் சேர்த்தால் அடிமைப்பெண் என்று பொருள். மலை என்பது சுமேர் மக்களுக்கு அயல்நாடு. பிறநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, நெசவிலும் அரைப்பிலும் ஈடுபடுத்தப்பட்ட பெண்களை, ஆட்டையும் மாட்டையும் எண்ணியவாறே எண்ணி எழுதினர். எழுத்துப் பிறந்த அன்றே அடிமைக்கும் ஓர் எழுத்து வேண்டியதாயிருந்தது.

கணக்குக்குப் பிறந்த எழுத்து கணக்கோடு நின்றுவிடவில்லை. சில நூற்றாண்டுகளில் உருவக்குறிகள் ஆப்பு வடிவம் பெற்று, ஒலிகளைக் குறிக்கும் ஆற்றலையும் அடைந்தன. கி. மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியில் வழிபாட்டுப் பாடல்களும் அறிவுரைகளும் எழுதப்பட்டன. அக்காத் நாட்டரசன் சார்கோனின் மகளும் ஊர் நகரத்துப் பூசாரியுமாகிய என்கெதுவன்னா, கி. மு. 2300 அளவில் வாழ்ந்தவர். பெயர் தெரிந்த நூலாசிரியருள் மிகப் பழையவர் என அவரைக் கூறுவர். களஞ்சியக் கணக்கில் வழங்கிய அறுபதை அடியாகக் கொண்ட எண்முறை பாபிலோனிய வானியலாளர் கைக்குச் சென்று, அங்கிருந்து கிரேக்கரிடம் பரவிற்று. ஒரு மணிக்கு அறுபது நிமிடமென இன்று உலகெங்கும் கணக்கிடுவது அதன் எச்சமே.

கடனும் அக்கணக்கோடு வளர்ந்தது. விளைச்சல் பொய்த்த உழவன் களஞ்சியத்திலோ செல்வரிடத்திலோ தானியம் கடன் பெற்றான், வட்டி ஏறிற்று, தீர்க்க இயலாதபோது பிள்ளைகளும் மனைவியும் கடனுக்கு ஈடாகப் பிறர் வீட்டில் வேலை செய்யச் சென்றனர். ஏடு எதனையும் மறக்கவில்லை. வாய்மொழிக் கடன் தலைமுறை கடந்தால் மங்கிவிடும்; களிமண்ணிற் பதிந்த கடன் மங்காது.

அதே களிமண் இன்னொரு செய்தியையும் காத்து வைத்தது. கி. மு. 2400 அளவில் லகாஷ் நாட்டை ஆண்ட என்மேதேனா, கடன்களை நீக்கி, பிரிந்த பிள்ளைகளைத் தாயாரிடம் மீளச் செய்ததாகத் தன் கல்வெட்டிற் கூறுகின்றான். அச்செயலைக் குறிக்க வழங்கிய சுமேரியச் சொல் அமார்கி என்பது. தாயிடம் மீளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். விடுதலை என்னும் கருத்தைக் குறித்து எழுதப்பட்ட சொற்களுள் அறியப்பட்டவற்றில் மிகப் பழையது அதுவே. அவனுக்குப் பின், கி. மு. 2350 அளவில், அதே நாட்டை ஆண்ட உருகாகினா கோவிலாரும் அதிகாரிகளும் மக்களிடம் மிகுதியாகப் பெற்றவற்றைக் குறைத்தான். இறந்தவரை அடக்கஞ் செய்யக் கட்டணமாகக் கொண்ட ஏழு குடம் மதுவும் 420 அப்பமும் மூன்று குடம் மதுவாகவும் 80 அப்பமாகவும் குறைக்கப்பட்டன. கைம்பெண்ணையும் அநாதையையும் வலியார் கையில் ஒப்படைக்கமாட்டேன் என்று தன் தெய்வத்தின் முன் அவன் உறுதி கூறினான். அவன் ஆட்சி நீடிக்கவில்லை. அண்டை நாடாகிய உம்மாவின் அரசன் லுகால்சகேசி லகாஷைத் தாக்கி அழித்தான். உறுதிமொழி எழுதிய களிமண் கூம்புகள் எஞ்சின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு நாட்டவர் அவற்றை அகழ்ந்தெடுத்தனர்.

அவற்றைப் படிக்க இயன்றதும் எளிதில் நிகழ்ந்ததன்று. ஆப்பெழுத்துப் பல நூற்றாண்டுகளாக எவரும் படிக்க அறியாததாய்க் கிடந்தது. 1857 இல் இலண்டனில், புதிதாகக் கிடைத்த அசீரியக் கல்வெட்டொன்றின் படியை நான்கு அறிஞர் தனித்தனியே மொழிபெயர்த்து முத்திரையிட்டு அனுப்பினர். திறந்து ஒப்புநோக்கியபோது அவை பெரும்பாலும் ஒத்திருந்தன. அதன் பின்னரே இவ்வெழுத்தைப் படிக்கும் முறை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று. சுமேர் மொழியைத் தனியே அறிந்துகொள்ள மேலும் பல்லாண்டுகள் சென்றன. அம்முயற்சி கைகூடாதிருந்தால், சுமேரும் இன்று வாய்பேசாத நாடாகவே கருதப்பட்டிருக்கும்.

ஆகவே ஒரு மக்கட் கூட்டம் வரலாறு உடையதா, அற்றதா என்பது அவர்கள் வாழ்ந்த வாழ்வைப் பொறுத்ததன்று. எஞ்சிய சான்றையும், அதனைப் படிக்க வல்லவரையும் பொறுத்தது. தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் எழுத்தின்றியே முடிச்சிட்ட கயிறுகளாற் கணக்கு வைத்துப் பேரரசு ஒன்றை நடத்தினர். எழுத்து ஒன்றே நாகரிகத்தின் உரைகல் அன்று என்பதற்கு அதுவே சான்று.

சுமேர் நாட்டுக் கணக்கேடுகளில் அடிமைப்பெண்கள் எண்களாகவே எழுதப்பட்டனர். அவர்கள் பாடிய பாட்டையும், தம் மலைநாட்டை நினைந்து பேசிய பேச்சையும் எழுதுதற்கு அக்கணக்கில் இடமிருக்கவில்லை. எழுத்துத் தோன்றிய பின்னரும் மனித குலத்திற் பெரும்பாலோர் நெடுங்காலம் எழுதப்படாதவராகவே வாழ்ந்து மறைந்தனர். அவர்களை அறிவதற்கு, எழுத்தில்லாக் காலத்தை ஆராய்வோர் கையாளும் தேய்ந்த மூட்டும், எறிந்த கிண்ணமும், கருகிய தானியமணியுமே இன்றும் துணையாகின்றன.